கிணற்று நீர் ஆய்வை எங்கே வெளியிடுவது? நான்கு வழிகளின் ஒப்பீடு

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகளிலும் கைப்பம்புகளிலும் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று மழைக்கு முன்னும் பின்னும் அளந்து முடித்த ஆய்வு மாணவி ஒருவர், எழுதிய கட்டுரையோடு எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்தார். அதை எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது என்பதே அவருடைய கேள்வி. நெறியாளர் மூன்று இதழ்களின் பெயரைச் சொல்லியிருந்தார். மூன்றும் ஸ்கோப்பஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ளவை, மூன்றும் சந்தா கட்டினால்தான் படிக்கக் கிடைக்கும் இதழ்கள். மாணவியின் கையில் களக் குறிப்பேடும் இருந்தது. “பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கைப்பம்பு”, “மாரியம்மன் கோயில் பின்புறம், மோட்டார் ரூம்” என்று ஊரார் சொன்ன அடையாளத்தையே ஒவ்வொரு இடத்துக்கும் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பதிந்திருந்தார். பேச்சின் நடுவே அவர் கேட்டார்: “தண்ணி எடுக்கும்போது, ரிசல்ட் வந்தா எங்களுக்கும் காட்டும்மான்னு ஊர்ல சொன்னாங்க சார். பேப்பர் வந்ததும் அவங்களுக்கு எந்த லிங்க்கைக் கொடுக்கறது?”

நூலகராகப் பல ஆண்டுகளாக ஆய்விதழ்களின் தரவரிசை பற்றியும், எத்தனை மாதத்தில் கட்டுரை வெளிவரும் என்பது பற்றியும் கேள்விகளைக் கேட்டுப் பழகியவன் நான். யார் படிப்பார்கள் என்ற கேள்வியை முதலில் வைத்தவர்கள் மிகக் குறைவு. அதையே அளவுகோலாகக் கொண்டு அன்று நாங்கள் ஒப்பிட்ட வழிகளை, இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும் மற்ற ஆய்வாளர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கட்டுரை யாருக்குத் தேவைப்படும் என்று பார்க்க வேண்டும். இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் குடிநீர்த் தரநிலை, ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் கூறுகிறது. அதற்கு மேல் உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் கெட்டிப்பட்டு நடையே பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு இதுவே காரணம். ஆகவே இந்தக் கட்டுரையின் உண்மையான வாசகர்கள் ஊராட்சித் தலைவர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், பிள்ளைகளின் பற்களைத் தினமும் பார்க்கும் ஆசிரியர், மாவட்டத்துக் குடிநீர் வாரியப் பொறியாளர் ஆகியோர். இவர்களில் ஒருவரிடமும் ஆய்விதழ்ச் சந்தா இல்லை.

அந்தக் குடிநீர்த் தரநிலையே நீண்ட காலம் விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆவணமாகத்தான் இருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கார்ல் மலமுட் என்ற அமெரிக்கர் இந்தியத் தரநிலைகளை இணையத்தில் எல்லோருக்கும் வைத்தபோது அது பெரும் சர்ச்சையாகி, வழக்கு தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. இத்தனைக்கும், கல்வி யாராலும் திருட முடியாத செல்வம் என்ற பர்த்ருஹரியின் வாக்கைத்தான் பணியகம் தன் தரநிலைகளின் முகப்பில் அச்சிட்டு வந்தது. இப்போது நம் நாட்டில் உருவாக்கப்பட்ட தரநிலைகளைப் பணியகமே இலவசமாகத் தருகிறது. ஒரு பொதுத் தகவலின் கதவு திறந்தால் எந்தக் குடியும் முழுகிவிடாது என்பதை அதில் கண்டோம்.

நெறியாளர் சொன்ன வழி, சந்தா இதழில் வெளியிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது. இதில் கட்டுரை ஆசிரியருக்குச் செலவு இல்லை. இதழின் பெயருக்கு மதிப்பு உண்டு. முனைவர் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டாலும், பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை இன்னும் கேட்கின்றன. ஆகவே இந்த வழியை நாடுகிறவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால் இதற்கு ஆசிரியர் கொடுக்கும் விலை வேறு. பெரும்பாலான சந்தா இதழ்களில் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மாணவியின் கட்டுரையில் ஒரு வரைபடம் இருக்கிறது. எந்தெந்த ஊரில் அளவு 1.5ஐத் தாண்டியது என்று சிவப்புப் புள்ளிகளால் காட்டுவது. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகு, அந்தப் படத்தைத் தமிழில் ஒரு துண்டறிக்கையாக அச்சிட்டு ஊரில் கொடுக்க வேண்டுமானால், அவர் வரைந்த படத்துக்கே பதிப்பகத்தின் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கும். ஊரார் இணைப்பைத் திறந்தாலோ, ஐந்து வரிச் சுருக்கமும் அதற்குக் கீழே டாலரில் ஒரு விலையும்தான் தெரியும்.

இப்படி மூடிக் கிடக்கும் கட்டுரை உயிரோடு விளையாடக்கூடும் என்பதற்கு லைபீரியாவைச் சொல்ல வேண்டும். 2014இல் அங்கே எபோலா பரவியபோது, அந்த நோய் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புதியது என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. ஆனால் லைபீரியர்களின் ரத்த மாதிரிகளில் எபோலா எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டு, அந்த நாட்டையும் நோய் இருக்கும் பகுதியாகக் கருத வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982லேயே எழுதியிருந்தார்கள். 2015இல் லைபீரியச் சுகாதார அதிகாரிகளே இதை வெளியே சொன்னார்கள்: அத்தகைய ஒரு கட்டுரையைப் பதிவிறக்க 45 டாலர் ஆகும், அது அங்கே ஒரு மருத்துவரின் ஏறத்தாழ அரை வாரச் சம்பளம். ரத்தம் லைபீரியர்களுடையது, அதைப் பற்றி எழுதியது அவர்கள் கைக்கு எட்டவில்லை. எங்கள் மாணவி எடுத்த தண்ணீரும் அந்த ஊர்களுடையதுதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்த பிறகும் இந்தக் குறை இருக்கிறதா என்று கேட்கலாம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, அரசு நிர்வகிக்கும் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் உள்ள சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் படிக்க வழி செய்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய்தான் ஆகிறது. நூலக நிதி ஆண்டுதோறும் சுருங்கி வந்த அரசுக் கல்லூரிகளுக்கு இது பெரிய வரம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் கல்லூரி சுயநிதிக் கல்லூரி. தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர்களில் பெரும் பகுதியினர் படிப்பது இத்தகைய கல்லூரிகளில்தான். முதல் கட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. ஊராட்சித் தலைவருக்கும் தொட்டி இயக்குபவருக்கும் எந்தக் கட்டத்திலும் இடமில்லை. அந்தத் திட்டம் மற்றவர்கள் எழுதியதை நாம் படிப்பதற்கான ஏற்பாடு. நாம் எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கச் செய்வது வேறு வேலை, அதை இந்தப் பணம் செய்யாது. சந்தா ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாவிட்டால் படிக்கும் வசதியும் அதோடு போகும்.

அடுத்து, ஆசிரியர் கட்டணம் செலுத்தித் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, வெளியிடும் வழி. புடாபெஸ்ட்டில் நடந்த ஒரு கூட்டத்தின் விளைவாக 2002இல் வெளியான அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கவும் பகிரவும் பயன்படுத்தவும் இணையம் வழி செய்கிறது என்று முழங்கியபோது, அதன் செலவு ஆசிரியர் தலையில் இவ்வளவு கனமாக விழும் என்று பலர் நினைத்திருக்கமாட்டார்கள். இன்று பெரிய பதிப்பகங்களின் திறந்த இதழ்களில் கட்டுரைச் செயலாக்கக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். உச்சத்தில், 2021 முதல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ கேட்டார்கள். அன்றைய மதிப்பில் அது சுமார் எட்டரை லட்சம் ரூபாய். இன்று மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர் ஒருவர், ஒரு காசு செலவழிக்காமல் 23 மாதம் சேர்த்தால் கட்டக்கூடிய தொகை. ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் கட்டணச் சலுகை தருவது உண்மைதான். ஆனால் நாட்டின் மொத்தப் பொருளாதாரம் பெரியது என்பதால் பெரும்பாலான சலுகைப் பட்டியல்களில் இந்தியா இல்லை. நாடு பெரியது என்பதற்காக எங்கள் மாணவியின் பணப்பை பெரிதாகிவிடாது.

இந்த வழியின் நன்மை மறுக்க முடியாதது: வெளியான அன்றே, அழகாக அச்சுக்கோத்த இறுதி வடிவமே எல்லோருக்கும் திறந்திருக்கும், பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் இருக்கும் என்பதால், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், படத்தை எடுத்து அச்சிடலாம். திட்ட நிதியில் இதற்கென்று பணம் ஒதுக்கப்பட்டிருந்தால் தாராளமாகச் செல்லலாம். கைப்பணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். சந்தா இதழிலேயே கட்டணம் கட்டி ஒரு கட்டுரையை மட்டும் திறக்கும் கலப்பு முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரே இதழுக்கு நூலகம் சந்தாவும் ஆசிரியர் கட்டணமும் செலுத்துவது இரட்டைச் செலவு.

கட்டண வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. “தங்கள் மேலான ஆய்வைக் கண்டு வியந்தோம், ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம்” என்று வரும் மின்னஞ்சலை நம்பி, சில ஆயிரம் ரூபாயைக் கட்டி, துறை வல்லுநர்களின் மதிப்பாய்வே நடக்காத போலி இதழில் கட்டுரையைத் தொலைத்தவர்கள் எங்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற இதழ்ப் பதிப்பு நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாகக் கூறி, அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. தரமான இதழ்களைக் காட்ட யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால், சரிபார்க்கும் பொறுப்பு இப்போது முழுவதும் நம்முடையது. 2003இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திறந்த இதழ்களுக்கான டிஓஏஜே அட்டவணையில் இதழ் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அங்கே இருக்கிறார்களா, பழைய இதழ்களின் நான்கு கட்டுரைகளைப் படித்தால் தேறுகிறதா என்று பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும்.

எழுதுகிறவரும் படிக்கிறவரும் பணம் கொடுக்காத இதழ்கள் மூன்றாவது வழி. வைரவழித் திறந்த அணுக்கம் என்று இதைச் சொல்கிறார்கள். செலவை ஒரு கல்விக் கழகமோ அரசோ ஏற்கிறது. பிரேசில் 1998இல் தொடங்கிய சயெலோ இதற்குப் பெரிய சான்று. பொதுப் பணத்தில் நடக்கும் அந்தத் தளம் லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவி, ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழி இதழ்களுக்கும் வீடாக இருக்கிறது. நம்மிடமும் இந்த மரபு பழையது. சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்) தன் இதழ்களில் எழுதுகிறவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டுப் பதிப்பகத்தோடு சேர்ந்து வெளியிட்டாலும், கட்டுரைகளைத் தன் தளத்தில் இலவசமாக வைத்து வந்திருக்கிறது. அவற்றில் புவி அறிவியல் இதழ் ஒன்றும் உண்டு. நிலத்தடி நீர் ஆய்வுக்கு அது பொருத்தமான இடம்.

இத்தகைய இதழ்களின் குறை, எண்ணிக்கை குறைவு. சிறிய ஆசிரியர் குழு என்பதால் சில சமயம் மதிப்பாய்வு மெதுவாக நடக்கும். தரப்புள்ளிகளை மட்டும் பார்க்கும் தேர்வுக் குழுக்களிடம் பெயர் எடுபடாமலும் போகலாம். இருந்தாலும் என் மனம் சாய்வது இங்கேதான். ஆய்வு செய்தவருக்கும், சம்பளமின்றி மதிப்பாய்வு செய்தவருக்கும், வரி கட்டியவருக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்யும் ஏற்பாடு இது ஒன்றே.

நான்காவது வழி இவற்றில் எதற்கும் எதிரியில்லை, எல்லாவற்றோடும் சேரும். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவே இல்லாத இந்த வழியைத்தான் நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள். சந்தா இதழில் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகும், மதிப்பாய்வாளர் கேட்ட திருத்தங்களைச் செய்து ஆசிரியர் கடைசியாக அனுப்பிய கோப்பை, அதாவது பதிப்பகம் அச்சுக்கோப்பதற்கு முந்தைய கைப்பிரதியை, யாரும் படிக்கக்கூடிய ஒரு பொது இணையக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. மதிப்பாய்வு முடிந்த உள்ளடக்கம் அதில் முழுமையாக இருக்கும். இதழின் முத்திரையும் பக்க அமைப்பும் மட்டும் இராது. காத்திருப்புக் காலம் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். ஸ்பிரிங்கரின் சந்தா இதழ்களில் பொதுவாக 12 மாதம். எந்த இதழ் எதை எப்போது அனுமதிக்கிறது என்பதை ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் பலர் அறிந்த தரவுத்தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இந்த வழி நம் நாட்டுக்குப் புதியதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002லேயே தனக்கென ஒரு களஞ்சியத்தைத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம், நம் ஆய்வுகளை இப்படிச் சேமித்து வையுங்கள் என்று பல ஆண்டுகளாக மேடை மேடையாகச் சொல்லி வந்தவர். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கைப்பிரதியை ஏற்புக் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. கொள்கை நல்ல கொள்கை; கேட்பாரும் சரிபார்ப்பாரும் இல்லாததால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் லட்சக்கணக்கில் குவிந்ததற்குக் காரணம், அங்கே ஏற்றாமல் பட்டம் இல்லை என்று யுஜிசி விதித்ததே. கட்டுரைக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

நடைமுறையில் இந்த வழி எங்கே தவறுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். காத்திருப்புக் காலம் முடிந்து கோப்பைக் கேட்டால் அது யாரிடமும் இருக்காது. நெறியாளரின் மின்னஞ்சலில் ‘ரிவைஸ்டு ஃபைனல் 2’ என்ற பெயரில் எங்கேயோ கிடக்கும். ஆகவே ஏற்புக் கடிதம் வந்த அன்றே கோப்பைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இன்னொரு தவறு, பதிப்பகத்தின் பிடிஎஃப்பையே ரிசர்ச்கேட் என்ற ஆய்வாளர் சமூகத் தளத்தில் ஏற்றிவிடுவது. அதற்கு உரிமை கிடையாது. அந்தத் தளத்தின்மேல் பதிப்பகங்கள் வழக்கும் தொடுத்தன. கல்லூரிக்குச் சொந்தக் களஞ்சியம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் ஸெனோடோவில் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்க்கலாம்; கோப்பை என்றும் அடையாளம் காட்டும் நிலையான டிஓஐ எண்ணும் கிடைக்கும்; கட்டுரையோடு அளவீட்டு அட்டவணை முழுவதையும் வைக்கலாம். கூகுள் ஸ்காலர் அதைக் கண்டுபிடித்துப் பதிப்பகத்தின் பக்கத்துக்கு அருகிலேயே காட்டுவதும் உண்டு.

மதிப்பாய்வுக்கு முன்பே முன்வரைவை வெளியிடுவது இதன் கிளை. பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தால் இயற்பியலாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் வாழ்கிறார்கள்; இணையம் மெதுவாக இருந்த காலத்தில் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் அதன் நகலை நம் நாட்டினருக்காகத் தன் கணினியில் வைத்திருந்தது. புவி அறிவியலுக்கும் 2017 முதல் எர்த்ஆர்க்கைவ் இருக்கிறது. ஆனால் குடிநீர் பற்றிய ஆய்வில் நான் சற்றுத் தயங்குவேன். ஓர் அளவீட்டுப் பிழை ஊரில் வீண் பீதியைக் கிளப்பலாம், அல்லது கெட்ட கிணற்றை நல்லது என்று காட்டிவிடலாம். நெறியாளரும் ஆய்வகமும் மறு அளவீடு செய்து உறுதி கொண்ட பிறகு வெளியிடுவதில் தவறில்லை. நீர் கொடுத்த ஊராருக்கு அவர்கள் கிணற்றின் அளவை நேரில் சொல்வதற்கோ, எந்த இதழின் ஏற்பும் தேவையில்லை.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபின் மாணவிக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் கட்டணம் வாங்காத திறந்த இதழுக்கு அனுப்புங்கள். அங்கே ஏற்கப்படாவிட்டால், நெறியாளர் சொன்ன மூன்றில் எந்தச் சந்தா இதழ் குறைந்த காத்திருப்புக் காலத்தோடு கைப்பிரதியை அனுமதிக்கிறதோ அதற்கு அனுப்புங்கள். தரம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் தேர்வை இதுவே முடிவு செய்யட்டும். அளவீட்டு அட்டவணையையும் வரைபடத்தையும், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு ஸெனோடோவில் உங்கள் பெயரில் சேர்த்துவிடுங்கள்; பிறகு கட்டுரையில் அதை மேற்கோள் காட்டுங்கள். தரவை முன்கூட்டியே சேமித்து வைப்பதை இன்று பல இதழ்கள் ஊக்குவிக்கவே செய்கின்றன. அனுப்பும் இதழின் விதியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். கட்டணம் கட்டும் வழியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நெறியாளருக்கு முதலில் உடன்பாடில்லை. இதழின் பெயர் மாணவியின் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கும் என்பது அவர் கவலை. அது பொய்யான கவலையன்று. இரண்டாவது படியில் அவர் சொன்ன இதழ்களே இருக்கின்றன என்பதைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

ஸெனோடோவில் சேர்க்கும்போது இன்னும் ஒரு கோப்பையும் சேர்த்தோம். கட்டுரையின் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கத்தில் மாணவியே எழுதினார். ஆங்கிலக் கட்டுரையில் ‘மாதிரி 14’, ‘மாதிரி 15’ என்று எண்ணாகிப் போயிருந்த இடங்கள், அந்த இரண்டு பக்கத்தில் மீண்டும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கைப்பம்பாகவும் மாரியம்மன் கோயில் பின்புற மோட்டார் ரூமாகவும் ஆயின. ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவும், குடிக்கலாமா, சமைக்கலாமா, துணி துவைக்க மட்டுமா என்பதும் இருக்கின்றன. கட்டுரை இன்னும் மதிப்பாய்வில்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட லிங்க் இப்போது அவரிடம் இருக்கிறது. சென்ற வாரம் அதை ஊராட்சிச் செயலரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்து சொன்னார்.